வெயில் தின்னும் மீன்குஞ்சுகள்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

மழைக்குப் பயந்து பண்ணைத் தொட்டிகளைத் தார்ப்பாயால் மூடியிருந்தோம். வெயில் படாமல் பாசி செத்தது. பாசியைத் தின்னும் நுண்பூச்சிகளும் செத்தன. பூச்சியைத் தின்னும் மீன்குஞ்சுகள் பட்டினியில் மிதக்கத் தொடங்கின.

“எல்லாமே சுத்தி வளைச்சு வெயிலத்தான் தின்னுது, பாயைப் பிரிம்மா!” என்று மேலாளர் பதறினார்.

ஏறிப் பிரித்தேன். இறங்கும்போது தொட்டிக்குள் விழுந்தேன். பயப்படாதே, இடுப்பளவுத் தண்ணீர்தான்.

“குஞ்சுங்களுக்கு நீ ரொம்பப் பெரிய தீனிம்மா” என்று சிரித்தார்.

இன்று தண்ணீர் பச்சையாகிவிட்டது. பிழைத்த குஞ்சுகள் வயிறு புடைக்க மேய்கின்றன. பார்த்துக்கொண்டே நானும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

தண்ணீர் வடிகட்ட உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், உடுத்தியதை அப்படியே மடித்து அனுப்பு. பெரிய மீன்களுக்குத் தீனி போடக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்