பதினோரு நிமிஷம் அவளுக்கு, இரண்டு நிமிஷம் எனக்கு

அன்பு மகள் காவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி பிரபாகரும் சினை மாடும் சுகமாக இருக்கிறோம். நீ தில்லியில் சுகம் என்பதை எதிர்வீட்டு நிர்மலாதேவி சொல்லித் தெரிந்துகொண்டேன், நடுவில் சளி பிடித்து இப்போது தேவலையாம், அதையும் அவள்தான் சொன்னாள். எதற்குக் கடிதம், போன் பண்ணக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ வக்கீலுக்குப் படித்த வாயால் ஒன்பது சொல்லி என்னை அடக்கிவிடுகிறாய், அப்புறம் கோர்ட்டுக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது பார், அதனால் பிரபாகர் நோட்டில் இரண்டு தாள் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசி வரைக்கும் பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, இண்டூர் சந்தைக்கு நடந்து போகாதே என்றால் கேட்பதில்லை. புளி இந்த வருஷம் பரவாயில்லை. கல்குவாரிக்காரன் பகலில் இரண்டு வேளை வெடி வைக்கிறான், சமையல்கட்டுச் சுவரில் போன தடவை நீ பார்த்த விரிசலில் இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது. மனு மேல் மனு கொடுத்தும் ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை, அதனால்தான் நம் தெருப் பெண்கள் எல்லோரும் குவாரி லாரி போகிற ரோட்டோரம் உட்காருவது என்று முடிவானது. இதெல்லாம் உனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மகளிர் குழுத் தலைவி என்று நிர்மலாதேவி உனக்குப் போன் போட்டாளாம், நீ அவளுக்குப் பதினோரு நிமிஷம் வாட்ஸப்பில் பேசி அனுப்பினாயாம். எனக்கு நீ பேசுவது இரண்டு நிமிஷம், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடட்டுமா. தண்ணீர் டேங்க் அடியில் எல்லாப் பெண்களையும் கூட்டி, நம்ம காவியா பேசுதுங்க, சத்தம் போடாம கேளுங்க என்று அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். நம்ம காவியாவாம். பத்து மாசம் சுமந்தவள் நான் நாலாவது வரிசையில் நின்று என் மகள் குரலை அடுத்தவள் போனில் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ பயந்துக்குவேன்னு நெனச்சேன்மா என்றாய். பயந்தேனா இல்லையா என்று இதைப் படித்துவிட்டுச் சொல்.

நன்றாகத்தான் பேசியிருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது நம் உரிமை, ஆனால் ரோட்டை மறிப்பது அதில் சேராது, ஓரமாக உட்காருங்கள். ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கைது என்றால் எதற்கு என்று கேளுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதனை போடலாம், பொழுது சாய்ந்தபிறகு பெண்களைக் கைது செய்ய முடியாது, செய்வதென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதியிருந்தால் படித்துக் காட்டாமல் போடாதீர்கள். இதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் கடுமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற குள்ளம்மாள், அடேயப்பா உம் பொண்ணா இப்படிப் பேசுது என்று என் தோளை இடித்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

போராட்டத்தன்று காலையில் நிர்மலாதேவி பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தி கையிலும் உன் நம்பரை எழுதினாள், போன் பறிபோனாலும் நம்பர் இருக்கும் என்று நீ சொன்னாயாம். என்னிடம் வந்தாள். கையை நீட்டுங்கக்கா என்றாள். எம் பொண்ணு நம்பர நீ எனக்கு எழுதித் தரணுமா என்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். ஓரமாகத்தான் உட்கார்ந்தோம். லாரிகள் வரிசையாக வரவும் ஆத்திரத்தில் நாலு பேர் எழுந்து ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள், பின்னாலேயே எல்லோரும் போய்விட்டோம், நீ சொன்னது காற்றில் போயிற்று. அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து எவனோ கல்லை விட்டான், லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பஸ்ஸின் கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் வேன் வந்தது, முப்பத்தெட்டுப் பெண்களையும் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். உன் அத்தை மகளுக்கு நிச்சயம் நடந்ததே, அதே மண்டபம். வீட்டுக்குத் தகவல் சொல்லணுமா, யாருக்குன்னு நம்பர் சொல்லுங்கம்மா என்று பெண் போலீஸ் கேட்டது. என் போனில் சார்ஜ் இல்லை, நம்பர் எதுவும் மனப்பாடமில்லை. முப்பத்தேழு பெண்கள் கையில் என் மகள் நம்பர், பெற்றவள் கை மட்டும் சுத்தமாக இருந்தது.

இனி எழுதுவதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் பேர், புருஷன் பேர், ஊர் என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. புருஷன் பேர் என்றார். நான் உன் அப்பா பேரை இந்த முப்பது வருஷத்தில் வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீ சொல்வாய், ரேஷன் கடையில் பிரபாகர் சொல்வான், ஃபாரம் என்றால் அவனே எழுதிவிடுவான். இங்கே யார் இருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நிர்மலாதேவி நிற்கிறாள். தன் புருஷனையே ஏங்க சின்னராஜூ என்று தெரு கேட்கக் கூப்பிடுகிறவள். வாயைத் திறந்துவிட்டாள். எம் மகளைத்தான் எடுத்துக்கிட்ட, அவரு பேரையும் சொல்லாதே என்றேன், அப்படியே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது, தள்ளிப் போய்விட்டாள். எங்களுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் வரிசை. சரிம்மா, கீழ கையெழுத்தப் போடுங்க, நான் அப்புறம் ரொப்பிக்கிறேன் என்று புதுத் தாள் ஒன்றைத் தள்ளினார். வெள்ளைத் தாள். நான் அவள் பார்க்கட்டும் என்றே முழுப்பேரையும் அழகாகப் போட்டேன்.

எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். முதல் வாய் எடுக்கும்போது பக்கத்தில் ஒருத்தி பஸ் கண்ணாடி உடைத்ததற்குத் தனி கேஸாம் என்றாள். அப்போதுதான் காவியா, உன் குரல் காதில் கேட்டது. அந்தத் தாளில் கண்ணாடியை நான்தான் உடைத்தேன் என்று எழுதினால் என் கையெழுத்து அடியில் தயாராக இருக்கிறது. பிரபாகர் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான். மூன்று மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளிடம்தான் சொல்ல வேண்டும், அதற்குக் கேஸே மேல் என்றுகூட நினைத்தேன், உன் அம்மா புத்தி அப்படி. நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பலாம் என்று போலீஸ் சொன்னதும் போய் அவள் முந்தானையைப் பிடித்தேன். வெத்துத்தாள்ல போட்டுட்டேன் நிர்மலா என்றேன். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நேராக மேஜைக்குப் போனாள், அந்தத் தாளை ரொப்பிப் படிச்சுக் காட்டுங்க, இல்லீன்னா திருப்பிக் குடுங்க, அதுவரைக்கும் நாங்க வூட்டுக்குப் போகலைங்க என்று நடு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்துவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அங்கே ரிசப்ஷன், சமையல்காரர்கள் அண்டாவோடு வாசலில் நிற்கிறார்கள், மண்டபத்து மேனேஜர் போலீஸிடம் கெஞ்சுகிறார், உள்ளே போட்டவர்களே எங்களை வெளியே போகச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

இன்ஸ்பெக்டர் அதட்டவும் ரைட்டர் புதிதாக ஒரு தாள் எடுத்து எழுதினார், என் பேர், ஊர், ரோட்டில் உட்கார்ந்தது, சத்தமாகப் படித்தார். கண்ணாடிப் பேச்சே இல்லை. பாவம், மனுஷன் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. ஆனால் புருஷன் பேர் வந்ததும் மறுபடி பேனா நின்றது. மண்டபமே என்னைப் பார்க்கிறது. நிர்மலாதேவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நான் சொல்லும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள், பின்னால் ங்க போட்டுத்தான் சொன்னாள். அதை அவள் சொல்லி நான் கேட்க வேண்டியதாயிற்று காவியா. படித்ததைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டதும் பழைய தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து என் கையில் வைத்தாள். வேனில் வரும்போது நானே கையை நீட்டினேன், உன் நம்பரை எழுதினாள். இன்னும் லேசாகத் தெரிகிறது.

நோட்டுத் தாள் தீர்ந்துவிட்டது, இது மூன்றாவது தாள். நாலாக மடித்த தடம் தெரிகிறதா, இதுதான் அது. அடியில் இருக்கும் என் பேர் மண்டபத்தில் போட்டது. அதற்கு மேலே இருந்த வெள்ளை இடத்தை வேறு யாரும் ரொப்பக் கூடாது என்று நானே ரொப்புகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், எந்தக் கோர்ட்டிலும் உன் பேச்சு எடுபட வேண்டும். சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, ராகி மாவு பார்சலில் வருகிறது. அடுத்த மாதம் மறுபடி உட்காரப் போகிறோம், இந்தத் தடவை ஓரமாகவே. நீ பேசி அனுப்புவதை முதலில் எனக்கு அனுப்பு, பதினோரு நிமிஷமும். நான் போய் நிர்மலாதேவிக்குப் போட்டுக் காட்டுகிறேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் இன்றைக்குப் புதிதாக எழுதுகிறேன். அவள் வாயில் வந்தது என் கையிலும் வரட்டும். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
கோவிந்தம்மாள்
க/பெ. மாதேஸ்வரன்