வேதியியல் பாடத்தில் ஒரு கிரேன்

செப்டம்பர் 9, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து இத்தோடு மூடிவிடுங்கள். முடியாது என்றால் படித்துத் தொலையுங்கள், ஆனால் அம்மாவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அண்ணனிடம் காட்டினால் ஹாஸ்டல் முழுக்கப் படித்துக் காட்டுவான். அதற்கு அம்மாவே தேவலை.

குற்றம் இதுதான். அண்ணன் விட்டுவிட்டுப் போன விஆர் கண்ணாடியும் கேம் கன்ட்ரோலரும் பீரோவின் மேல் பழைய துண்டில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. பரீட்சை முடியும்வரை நான் தொடக்கூடாது. அப்பாவின் உத்தரவு. போன முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமில் வந்த ஒரு வௌவாலை ஓங்கி அடித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா பால் டம்ளரை நீட்டியிருக்கிறாள். வௌவால் தப்பித்துவிட்டது. பால் அப்பாவின் இஸ்திரி போட்ட சட்டையில் போய் விழுந்தது.

நான் தொட்டுவிட்டேன். தினமும் தொடுகிறேன். அப்பா நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி, அம்மா தூங்கியதும், நாற்காலி போட்டு ஏறி எடுக்கிறேன்.

சத்தியமாக விளையாடவில்லை. புரோகிராம் எழுதுகிறேன். ஒரு கிரேன். அப்பா சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறார். சாப்பிடும்போது குழம்புக் கரண்டியை வைத்து அவர் சொல்லிக் காட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதனால் கிரேன்தான் வந்தது. கண்ணாடியை மாட்டினால் உச்சியில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்போம். கீழே பெட்டி பெட்டியாகக் கன்டெய்னர்கள், ஒரு லாரி, அந்தப் பக்கம் கடல். கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளினால் கொக்கி ஏறும், இறங்கும். விட்ட இடத்திலேயே எல்லாம் அப்படியே நிற்கும், மறுநாள் தொடரலாம்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு ‘வேதியியல் பாடம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பிள்ளை வேதியியலை விடவே மாட்டேன் என்கிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடிக்கிறாள்.

செப்டம்பர் 11, வியாழன்

யாரோ என் யார்டுக்குள் வந்திருக்கிறார்கள்!

நேற்று நான் அழகாக அடுக்கி வைத்த பெட்டிகள் கடலில் கிடக்கின்றன. லாரி மல்லாந்து சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியின் பட்டை கடைசி வரை தளர்த்தப்பட்டிருக்கிறது. பெரிய தலை. அண்ணன் ஊரிலேயே இல்லை. அம்மா பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிறாள். அப்பா பகலில் தூங்குவார்.

திருடனா? எந்தத் திருடன் வந்து கிரேன் ஓட்டிவிட்டு, துண்டில் சுற்றி மேலே வைத்துவிட்டுப் போவான்? அதுவும் இவ்வளவு கேவலமாக?

செப்டம்பர் 12, வெள்ளி

கண்ணாடியின் வெள்ளை ஸ்பாஞ்சில், நெற்றி படும் இடத்தில், கறுப்பாக ஒரு தீற்றல். பேனா மை அல்ல. முகர்ந்து பார்த்தேன்.

தலைச்சாயம்.

இந்த வீட்டில் தலைக்குச் சாயம் அடிப்பவர் ஒருவர்தான். நான் செத்தேன்.

செப்டம்பர் 13, சனி

இன்னும் சாகவில்லை. அப்பா எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏன் செய்கிறார் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. சமையலறையில் அப்பாவும் அம்மாவும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார்டில் கூண்டுகளை மூடப்போகிறார்களாம். இனிமேல் ஒரு அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, குச்சியைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். 26ஆம் தேதி பரீட்சை. தேறாதவர்கள் வாசல் கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதவேண்டியதுதான்.

அப்பா சொன்னார்: “அவ்ளோ உசரத்துல நடுங்காத கை, அந்தப் பொம்மைக் குச்சிய நெனச்சா நடுங்குது.”

அம்மா, “உங்களுக்கு வராதது இனிமே யாருக்கு வரப்போவுது?” என்றாள்.

அப்பாவுக்கும் பரீட்சை பயமா? எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே, “வேதியியல்ல காத்தே இல்லையேம்மா” என்றார்.

எனக்குப் புரையேறிவிட்டது.

அம்மா, “வேதியியல்ல எதுக்குங்க காத்து?” என்றாள்.

“காத்தடிச்சா பொட்டி ஆடும். ஆடுறது நிக்கிற வரைக்கும் எறக்கக் கூடாது. அதெல்லாம் வேதியியல்ல வரணும்ல.”

“அது பௌதிகம்,” என்றாள் அம்மா. தண்ணீர் குடித்துத் தப்பித்தேன்.

ஆக, எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லாதவரை நான் குற்றவாளி இல்லை, அவரும் இல்லை. காற்று போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அப்பாவுக்குக் காற்று பிடித்திருக்கிறது போல. இன்றைக்கு ஒரே ஒரு பெட்டிதான் கடலில். லாரி நிமிர்ந்து நிற்கிறது. நேற்றுச் சாப்பாட்டில், வேதியியலில் லாரி டிரைவர் ரொம்ப அவசரப்படுகிறான் என்று வருத்தப்பட்டார். டிரைவரைக் கொஞ்சம் சோம்பேறியாக்கினேன்.

உண்மையான வேதியியலில் இன்று எனக்கு எட்டு மார்க். நூற்றுக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

ஐயோ. ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன்!

அப்பா இன்று நல்ல குஷி. கரண்டியை எடுத்து அம்மாவுக்கு விளக்கினார்: “பழைய கிரேன்ல பின்னாடி இழுத்தா மேல போகும். புதுசுல எல்லாமே தலைகீழ். முன்னாடி தள்ளணும். இருபது வருஷத்துக் கை, மறக்க மாட்டேன்னு அடம் புடிச்சுது. மறக்க வெச்சுட்டேன்.”

“புது அறைய இன்னும் தொறந்தே காட்டலன்னீங்களே. எப்படித் தெரியும்?” என்றாள் அம்மா.

“ஒருத்தங்க பண்ணி வெச்சிருக்காங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பண்ணினா தப்பா இருக்காது.”

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

இந்தக் கன்ட்ரோலரில் குச்சியை முன்னால் தள்ளினால் கணினிக்குக் கழித்தல் எண் வரும். கம்பியின் நீளம் குறைந்து கொக்கி மேலே போய்விடும். நான் அதைத் திருப்ப மறந்துவிட்டேன். பிறகு எனக்கே பழகிப்போனதால் அப்படியே விட்டுவிட்டேன். புதிய அறையைச் செய்து கொடுக்கும் கம்பெனி போட்டிருக்கும் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பின்னால் இழுத்தால்தான் மேலே. பழையபடியேதான். உலகத்தில் என் கிரேன் ஒன்றுதான் தலைகீழ்.

ஒரு கழித்தல் குறி. அதற்காக அப்பா இருபது வருடத்தை மறந்திருக்கிறார். நான் செஞ்சா தப்பா இருக்காதாம்.

குறியை மாற்றிவிட்டேன். நாளைக்கு ஓட்டினால் அவருக்கே புரிந்துவிடும். புரியும் இல்லையா?

செப்டம்பர் 23, செவ்வாய்

புரியவில்லை.

பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், என் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு ரப்பர் பேண்டுகள். எதற்கென்று அம்மா தூங்கியபிறகு யார்டைப் பார்த்ததும்தான் தெரிந்தது. கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று நினைத்து, அதைத் திருப்பி வைத்துக் கட்டி ஓட்டியிருக்கிறார். மேல்கீழ் அவருக்குப் பழகியபடி வந்திருக்கும், ஆனால் இடம் வலமாகியிருக்கும். ஒரு பெட்டி மிச்சமில்லை. லாரியும் கடலில்.

அதற்கு முன்பு, சாப்பிடும்போதே அப்பாவின் முகம் சுருங்கியிருந்தது. “எல்லாம் மறந்துபோச்சு” என்று மட்டும் சொன்னார். அம்மா பார்க்காதபோது அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய கையோ என்பதுபோல.

“பழைய கைதாம்பா சரி” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

நேராகச் சொல்லிவிடலாம். என்ன ஆகும்? கண்ணாடி போகும். திட்டு விழும். அதெல்லாம் இல்லை. நான் செஞ்சது தப்பாக இருக்காது என்றாரே, அது போய்விடும். அதுதான் பயம்.

ஆனால் அப்பா கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். கொக்கியில் ஒரு பெரிய பலகையைத் தொங்கவிட்டேன். கூண்டில் உட்கார்ந்தால் மூஞ்சிக்கு நேராக இருக்கும். சிவப்பு எழுத்து:

‘அப்பா, தப்பு என்னுடையது. கன்ட்ரோலரை நேராகப் பிடியுங்கள். பின்னால் இழுத்தால்தான் மேலே. புதிய அறையிலும் அப்படித்தான், வீடியோவில் பார்த்தேன். பழைய கைதான் சரி. மன்னிச்சிடுங்க.’

ஆக, எழுத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. நாளைக்கு ஒரு பகல்தான் பாக்கி. அவர் கண்ணாடியை மாட்டாமல் தூங்கிவிட்டால்?

செப்டம்பர் 25, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

அம்மா தூங்கியதும் கண்ணாடியை மாட்டினேன். பலகையைக் காணோம். எட்டிப் பார்த்தால், லாரியின் மேல் பத்திரமாக இறக்கி வைத்திருக்கிறார், ஒரு கீறல் இல்லாமல். அதற்கு அந்தப் பக்கம் கன்டெய்னர்கள் ஏதோ கன்னாபின்னாவென்று கிடந்தன. மறுபடியும் நாசம் என்றுதான் நினைத்தேன். கூண்டின் உச்சியிலிருந்து நேராகக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது.

பெட்டிகளை வைத்து எழுதியிருக்கிறார். ‘சரி’.

‘ரி’யின் வளைவு மட்டும் இடமில்லாமல் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றோடு ஓட்டியிருக்கிறார். ஒரு பெட்டிகூட விழவில்லை.

கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் அப்பாவுக்குப் பரீட்சை. பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் அப்பா ஒன்றும் சொல்லாமல் குளித்தார், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பேரும் அப்பளம் கடிக்கக்கூடப் பயந்தோம். கடைசியில் மோர் ஊற்றும்போது, “திங்கக்கெழமையிலேருந்து எனக்குப் பகல் ஷிஃப்ட்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்த பிறகுதான் விளங்கியது. புது அறைக்காரர்களுக்குப் பகல்தான். கேட்டில் நிற்பவர்களுக்குத்தான் இரவு.

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். படுக்கப் போனபிறகுதான் உறைத்தது. பகல் ஷிஃப்ட் என்றால் ராத்திரி அப்பா வீட்டில். பக்கத்து அறையில். இனிமேல் எப்படி நாற்காலி போட்டு ஏறுவது?

ஏறித்தான் பார்த்தேன். பீரோவின் மேல் துண்டு மட்டும் இருக்கிறது. கண்ணாடி இல்லை, கன்ட்ரோலரும் இல்லை. எடுத்துப் பூட்டிவிட்டாரா? தேறியதும் பழைய சட்டம் திரும்பி வந்துவிட்டதா? என்ன அநியாயம் இ—

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், நேராக வந்துவிடுவாள். இது மெதுவாக, வேறு யாரும் எழுந்துவிடக்கூடாது என்பதுபோல.

“பாப்பா, தூங்கிட்டியா? சத்தம் போடாத, அம்மா முழிச்சிக்குவா. வேதியியல்ல ஒரு சந்தேகம். கண்ணாடி எங்கிட்டதான் இருக்கு.”