மூன்றாம் பம்பு அறைக் கதவு

நாள் 212, காலை 6.10

நிலவு, தென்முனைப் பனிச் சுரங்கம், மூன்றாம் பம்பு அறை. பதிவு நோட்டில் எழுதுவது வால்வு மெக்கானிக் பால்வண்ணன். அழுத்தம் சரி. வெப்பம் சரி. கதவு ஓரத்தில் லேசான நீராவிக் கசிவு. அடுத்த வாரம் பார்க்கலாம்.

மானம் போன விஷயம் ஒன்று. இந்த அறைக் கணினியில் தட்டுவதெல்லாம் முகாம் சாப்பாட்டுக் கூடத்துப் பெரிய திரையிலும் ஓடுமாம். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போன வாரம் என் கடவுச்சொல்லைப் பதினெட்டுப் பேர் உப்புமாவோடு சேர்த்துப் படித்தார்கள்: கோமுகுட்டிசெல்லம். இன்று காலை கீழே இறங்குமுன் தூத்துக்குடிக்காரன் மிக்கேல் முகாமிலிருந்து வானொலியில் கூப்பிட்டான். "செல்லம் அண்ணாச்சி, டீ குடிச்சாச்சா?"

ஆகவே பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் கோமதியிடம் சின்ன நிரல் ஒன்று எழுதி வாங்கினேன். தட்டுகிற எழுத்தைக் காட்டாதே, எண்டருக்குக் காத்திராமல் ஒவ்வொரு விசையையும் உடனே வாங்கிக்கொள் என்று அது கணினிக்குச் சொல்லும். முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். இன்று முதல் ஓட்டம்.

காலை 6.40

நிரல் எதற்கோ காத்து நின்றது. செத்துவிட்டது என்று நினைத்தேன். இருபது வருடம் வெல்டிங் பட்டறையில் கிடந்தவன் நான். எது நின்றாலும் மெயினை இறக்கி ஏற்றுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். கன்ட்ரோலையும் சி-யையும் அமுக்கி நடுவில் வெட்டினேன்.

நிரல் போய்விட்டது. அது செய்துவைத்த ஏற்பாடு போகவில்லை. தட்டினால் எழுத்து வரவில்லை. எண்டர் அமுக்கினால் கணினி கண்டுகொள்ளவில்லை. கதவு திறக்கும் கட்டளை இந்தக் கணினி வழியாகத்தான் போக வேண்டும். நான் உள்ளே.

மெயினை இறக்கலாம்தான். காற்று மோட்டாரும் அதே கம்பியில் இருக்கிறது. அது நின்றால் இங்கிருந்து மறுபடி கிளப்ப முடியாது.

கதவின் அவசரக் கைப்பிடி? அது இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளை. போன மாதம் அதைக் கழற்றி இரண்டாம் அறைக்குப் போட்ட புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள்.

காலை 9.25

காற்று மாலை ஆறரை வரை. விண்வெளி உடுப்பின் வானொலி இந்தச் சுவரைத் தாண்டாது. ஆனால் அவர்கள் அனுப்புவது திரையில் வருகிறது.

"மிக்கேல்: அண்ணாச்சி, ரெண்டு தடவ கூப்ட்டாச்சு. கோவமா?"

"மிக்கேல்: இனி செல்லம்னு சொன்னா செருப்பால அடிங்க. பதில் போடுங்க."

இருக்கேன் என்று நாற்பது முறை தட்டிவிட்டேன். ஒன்றும் போகவில்லை. கண்ணாடிக்கு உள்ளே நின்று கத்துவது போல.

பகல் 11.50

"மிக்கேல்: காலைல உங்கள எறக்கிவிட்டுப் போன ஒரே வண்டி திரும்பக் கெளம்பிட்டு அண்ணாச்சி, நடுவுல சார்ஜ் ஏத்தணும். ராத்திரி ஒம்பதுக்கு அங்க நிக்கும்."

ஆறரைக்கும் ஒன்பதுக்கும் எவ்வளவு வித்தியாசம்? பத்தாம் வகுப்பில் நான் தோற்றது கணக்கில்தான். ஆனாலும் இது புரிகிறது.

பிற்பகல் 2.15

"கோமு: யப்பா, நான்தான். முகாம்ல லைன் போட்டுக் குடுத்தாங்க. நீ படிக்கியான்னு தெரியல. நிரல நடுவுல வெட்டுனியா? வெட்டியிருப்பே. உன்னத் தெரியாதா."

"கோமு: என் தப்புப்பா. வெட்டுனாலும் எல்லாத்தையும் திருப்பி வைக்க நாலு வரி எழுதணும். அவசரத்துல விட்டுட்டேன்."

"கோமு: எண்டரத் தொடாத. அதுக்குப் பதிலா கன்ட்ரோலும் ஜே-யும் சேத்து அமுக்கு. அப்புறம் எஸ் டி டி ஒய், ஒரு இடம் விடு, எஸ் ஏ என் ஈ. மறுபடி கன்ட்ரோல் ஜே. எல்லாம் பழையபடி ஆயிரும். அடிக்கிறது தெரியாது. ரெண்டு விரல் வித்தைய மெதுவாக் காட்டு."

பிற்பகல் 3.40

டி எத்தனை தட்டினேன் என்று மறந்துபோகிறது. முதலிலிருந்து. பதினோராவது முறை, திரையில் நானே தட்டிய எழுத்து வந்தது. இவ்வளவு அழகாக ஒரு 'இ' நான் பார்த்ததில்லை.

"இருக்கேன்."

"மிக்கேல்: எய்யா! கூடமே எந்திரிச்சு நிக்கி அண்ணாச்சி!"

"கோமு: நான் ஒண்ணும் அழல."

மாலை 4.05

கதவுக் கட்டளை கொடுத்தேன். மோட்டார் சுற்றியது. தாழ் பாதி வந்து நின்றது.

தினமும் நான் உள்ளே வந்த அரை மணியில் திறந்துவிடுகிற கதவு இது. இன்று பத்து மணி நேரக் கசிவு தாழின்மேல் கை கனத்துக்கு உறைந்திருக்கிறது. அதை உடைத்துத் திருப்பத்தான் அந்தக் கைப்பிடி.

ஸ்பேனர் வழுக்குகிறது.

மாலை 5.20

கதவு மோட்டார் கருகிவிட்டது. நாற்றம்.

"கோமு: யப்பா, கதவு என்னாச்சு? அந்த நாலு வரியாலதானே எல்லாம்?"

கதவின் நிலை காட்டும் விளக்கு முகாமில் போன வருடமே கெட்டுப்போனது. அதைச் சரி செய்யாத புண்ணியவானும் நான்தான்.

"திறந்துட்டு. உடுப்புல காத்து நிறைய இருக்கு. எதிர வர்ற வண்டிக்கு நடந்து போறேன். உன் நிரல் மேல தப்பில்ல. நீ போய்ச் சாப்புடு."

"கோமு: பொய் சொல்லலியே?"

"ஒங்கிட்டயா?"

மாலை 6.05

உடுப்புக் காற்றும் சேர்த்துத்தான் ஆறரை.

மிக்கேல், இந்த நோட்டை நீதான் எடுப்பாய். அவளிடம் கைப்பிடி என்று சொல். நாலு வரி என்று யாராவது சொன்னால் அவன் வாயை மூடு. அப்பாவே கழற்றினார், அப்பாவே மாட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டே சொல்.

மாலை 6.20

அவள் நிரலை மறுபடி ஓட்டினேன். இனி நான் தட்டுவது அங்கே யாருக்கும் தெரியாது. எதற்கோ காத்து நிற்கிறது. இந்த முறை வெட்டவில்லை.

விரல் சரியாக

தட்டினேன். திரை கருப்பாகத்தான் இருந்தது:

கோமு, சாப்புடப் போவாத. கொஞ்ச நேரம் அப்பாகூட இரு