அம்மா வார்த்தை மாறிப் பாடிய ஞாயிறு

மெம்ஃபிஸ்,
10 அக்டோபர் 1966

அன்புத் தங்கை வெர்லீனுக்கு,

அக்கா ஓஸெல்லா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. பாரிஸுக்கு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். உன் மேலாளர் கெய்ன்ஸ் ஒரு முறை நீ ஒத்திகையில் என்றார், ஒரு முறை பேட்டியில் என்றார். மூன்றாவது முறை, "பாடறவங்க தொண்டைக்கு ஓய்வு வேணும்மா, நீங்க வேற" என்று வைத்துவிட்டார். தொண்டையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார்.

அம்மாவின் தொண்டையில் கட்டி. இருபதாம் தேதி வியாழக்கிழமை அறுவை. "உயிருக்குப் பயமில்ல, குரலுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா என்னிடம் வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறித்தான் எழுதுகிறேன். ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆறு வயதில் உன்னைப் பெட்டிமேல் நிறுத்திச் சபையில் பாட வைத்தவள் அவள். அவள் பாட்டையே எடுத்து, "கர்த்தரே, கைவிடாதீர்" என்பதைக் "கண்ணா, கைவிடாதே" என்று காதல் பாட்டாக மாற்றி நீ இசைத்தட்டு போட்டாய். டெட்ராய்டிலும் நியூயார்க்கிலும் உன்னைக் கேட்கத் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. இங்கே அம்மா தலைகுனிந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாக அந்தப் பாட்டை அவள் பாடவில்லை, உன்னோடு பேசவுமில்லை. வானொலியில் நீ வந்தால் நிறுத்திவிடுவாள். நீயும் இறங்கி வரவில்லை. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி.

நேற்று ஆராதனையில், கத்தி வைக்கும் முன் ஒரு தடவை என்று, வெள்ளை உடையும் தொப்பியுமாக எழுந்து அதையே பாடினாள். கரகரத்த குரல்தான், ஆனாலும் சபை முழுக்க எழுந்து நின்றது. மூன்றாவது அடியில் வாய் தவறி, "கண்ணா" என்று வந்துவிட்டது. ஆர்கன் நின்றது. டீக்கன் ப்ரென்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "பாடுங்க தாயே, விடாதீங்க" என்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடமே திரும்பிப் போய்ப் பாடி முடித்தாள். ஆனால் அந்த இழுப்பும் நடுக்கமும் அத்தனையும் உன்னுடையவை. சபைக்கே தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கோழி பொரித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நீ வேலைக்குப் போனப்புறம் தெனமும் போட்டுக் கேக்கறேன். அவ போட்ட ஏழு தட்டும் இருக்கு. ஒண்ணு தேஞ்சுபோச்சு, வேற வாங்கினேன். போதுமாடி?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு அத்தனை கோபம் வந்தது. உன்மேலும்தான்.

வெர்லீன், காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதம் வந்து சேர ஐந்து நாளோ ஆறு நாளோ, அதையே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வர முடிந்தால் வா. முடியாவிட்டால் கூப்பிடு. அம்மா வாயைத் திறந்து கேட்கமாட்டாள். தொலைபேசியை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொன்னாள். யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்டேன். "யாராவது" என்றாள்.

கர்த்தர் உன்னையும் உன் குரலையும் காக்கட்டும். கூப்பிட்டால், மன்னிப்பு, விளக்கம் என்று எதையும் ஆரம்பித்துவிடாதே. உனக்குப் பேசப் பிறகும் நாள் இருக்கிறது. அம்மாவைப் பேச விடு.

உன் அக்கா,
ஓஸெல்லா