வெந்நீர்த் தொட்டியில் ஒரு சீப்பு

எச்சிகோ மலைக்கிராமம்
மெய்ஜி 35 (1902), ஜனவரி 20

அன்புள்ள தொயோ அக்காவுக்கு,

நலம். மாமா படித்துப் பார்த்த பிறகே இந்தக் கடிதம் புறப்படும் என்பதால், பிழையிருந்தால் அவரே திருத்திவிடுவார்.

என் கணவர் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தது. பனி உருகியதும் என்னைக் கொழுந்தனுக்குக் கட்டிவைக்க மாமா முடிவு செய்திருக்கிறார். என்னைக் கேட்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

பனி கூரையைத் தொட்டுவிட்டது, பகலிலும் விளக்குதான். காலையில் வைக்கோல் கூடைகளைக் காலில் மாட்டி, தெருமுனை வரை பனியை மிதித்துப் பாதை போடுகிறேன். அதற்கு அப்பால் போனதில்லை.

இங்கே ஒரு கதை. பனிக்காலத்தில் வந்த மருமகள் குளிக்கவே மாட்டாளாம். வற்புறுத்தி வெந்நீர்த் தொட்டியில் இறக்கினால், சீப்பு மட்டும் மிதந்ததாம். நானும் பனியில் வந்தவள் அல்லவா? "ஏண்டி பனிப்பேயே, நீ எப்பக் கரையப்போற?" என்று ஊரார் எதிரில் அத்தை தினமும் குத்துகிறார். எனக்கு மூச்சு முட்டுகிறது அக்கா.

உன்
மினே

தெராதொமாரி
பிப்ரவரி 3

என் செல்ல மினேவுக்கு,

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். இங்கே கடற்காற்றில் பனி நிற்பதில்லை, கதையும் வேறு. நம் கரையில் பனிப்பெண் கரைவதில்லை. முழுநிலவன்று மலையிறங்கி ஆற்றுத்துறைக்கு வருவாள். அங்கே அவள் அக்கா படகோடு நிற்பாள். சின்ன வயதில் எத்தனை முறை சொன்னேன், மறந்துவிட்டாயா?

உன் அக்கா
தொயோ

எச்சிகோ மலைக்கிராமம்
மார்ச் 1

தொயோ அவர்களுக்கு, மினேயின் மாமியார் தமே எழுதுவது.

வீட்டாருக்குத் தெரியாமல் மருந்து விற்பவர் கையில் இதைத் தருகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை என் கணவர் உரக்கப் படித்தார். முழுநிலவு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்று மினேயை நான்தான் குளிக்க அனுப்பினேன். பிறகு தொட்டியில் சீப்பு மட்டும் மிதந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கூச்சல் போட்டேன். என் கணவர் வெளுத்துப்போனார். அவளைக் கட்டவிருந்த என் சின்னவன் இன்னமும் குளிக்கப் பயப்படுகிறான். யாரும் தேடப் போகவில்லை.

என் வைக்கோல் காலணியைக் காணவில்லை. பேய்க்குக் காலணி எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலிலிருந்து போன அடித்தடங்களை, கூச்சல் போடுமுன்பே நான் கூடைகளை மாட்டி மிதித்து அழித்துவிட்டேன்.

ஊர் நம்ப வேண்டுமென்றுதான் அவளைத் தினமும் குத்தினேன். ஆனாலும் அவள் அழுதாள். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

நானும் முதல் கணவர் இறந்தபின் அவர் தம்பிக்குக் கட்டிவைக்கப்பட்டவள்தான். அந்தக் குளிர்காலத்தில் நானும் தொட்டியருகே சீப்போடு நின்றேன். ஆற்றுத்துறையில் நிற்க எனக்கு அக்கா இல்லை.

அவள் குதிகால் குளிரில் வெடிக்கும். எண்ணெய் தடவச் சொல்லுங்கள். பதில் எழுத வேண்டாம், அவர் படித்துவிடுவார்.

இப்போது காலையில் நான்தான் பாதை மிதிக்கிறேன். தெருமுனை வரைதான்.

தமே