தமிழ்ப் பிரதியில் ஒரு வரி

ஜூன் 10, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. ஹட்டனில் கரண்ட் இல்லை. கசங்கிய சேலையோடுதான் போனேன்.

கொழும்பு அரசாங்கக் குழுவுக்கு மொழிபெயர்ப்பு வேலை. நாட்டில் பசியை ஒழிக்கக் கொள்கை எழுதுகிறார்களாம். தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரின் கருத்தும் வேண்டுமாம். நோர்வூட் பக்கம் போகும்போது குழுவுக்குத் தலைமை தாங்கும் டாக்டரம்மா ஜன்னல் வழியே படம் எடுத்தபடி, "இவ்வளவு பச்சை. இங்கே எப்படிப் பசி?" தேயிலையைக் கீரைபோலச் சுண்டிச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பார்.

கூட்டம் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். முன்னால் தோட்டத்தை நடத்தும் துரை, பக்கத்தில் தொழிற்சங்கத் தலைவர். பின்னால் பெண்கள், மழைக்கு இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குச் சாக்கோடு.

பிள்ளைகள் ஏன் எடை குறைவு என்று டாக்டரம்மா கேட்டார். துரைக்கும் தமிழ் தெரியும் என்பதால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தலைவர்தான் எழுந்தார். "எங்க பொம்பளைங்களுக்கு வெவரம் பத்தாதுங்க." டாக்டரம்மா 'விழிப்புணர்வு' என்று குறித்துக்கொண்டார். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனை உதைக்க வேண்டும்.

டாக்டரம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். தாய்ப்பால் பற்றிப் பேச வேண்டுமாம், ஆம்பிளைகள் இருக்கக் கூச்சமாம். இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

உடனே சரோஜா என்றொருத்தி, மடியில் கைக்குழந்தையோடு: "பால் குடுக்க மலையிலேர்ந்து எறங்கினா அரைப்பேருதான் போடுறாங்க மிஸ். பாதிச் சம்பளம் போயிருது. எறங்கலேன்னா எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலிக்குது. புள்ள இங்க சீனித்தண்ணி குடிச்சிக்கிட்டுக் கெடக்கு. அத எழுதச் சொல்லுங்க."

சொல்லுக்குச் சொல் சொன்னேன். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 28, சனி
துணி காயவில்லை. மூக்கடைப்பு.

கொள்கை வந்துவிட்டது, தமிழாக்கத்துக்கு. சரோஜா சொன்னதைத் தேடினேன். 'தோட்டத் தாய்மாருக்குத் தாய்ப்பாலின் நன்மைகள் குறித்து விழிப்புணர்வூட்டப்படும்.' அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்குப் போன். "தோட்டக் கொம்பனிகள் ஒத்துக்கொள்ளாது, டியர். கொள்கை யாரையும் நோகடிக்கக் கூடாது."

பசி நோகாமல் ஒழிந்துவிடும்.

ஜூன் 30, திங்கள்
அந்த வரியைத் தமிழில் இப்படி எழுதினேன்: 'பாலூட்டும் தாய்மார் வேலை நேரத்தில் குழந்தையிடம் வந்து போகலாம். அதற்காக நாட்சம்பளம் குறைக்கப்படலாகாது.' அனுப்பியும் விட்டேன். மாட்டினால் வேலை போகும். வழக்கும் வரலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்
வெயில், கடைசியில். புத்தகம் அச்சாகிவிட்டது. தமிழ்ப் பிரதி "மிக அழகு" என்று டாக்டரம்மா. அட்டையைச் சொல்கிறார். உள்ளே வாசிக்க அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?

ஒரு பிரதியை சரோஜாவுக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
சரோஜா போன் செய்தாள். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாளாம்.

"தொரைக்கு வாசிச்சுக் காட்டினாரு மிஸ். கவுர்மெண்டு முத்திரை இருக்கில்ல, தொர சரின்னுட்டாரு. நேத்து எறங்கிப் பால் குடுத்துட்டு வந்தேன். முழுப்பேரு போட்டாங்க."

"தலைவர் என்ன சொல்றாரு?"

"அவருதான் பேசி வாங்கிக் குடுத்தாராம். லயம் லயமா, வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

வெட்கங்கெட்ட மனுஷன். திரியட்டும். இத்தனை பேரிடம் சொன்ன பிறகு இனி அவராலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது.