அட்டவணை இரண்டு, கடைசி வரிசை

நிலவு, தென்துருவச் சுரங்கம், மருத்துவ அறை.
பதிவு செய்பவர்: டாக்டர் பிரிசில்லா, எம்.டி. மூன்றாம் ஆண்டு.

மார்ச் 3, 07:10
காற்று வடிகட்டி சரி. தண்ணீர் சரி. தொழிலாளர்கள் சரியில்லை. பதினோரு பேருக்கும் நுரையீரலில் நிலவுத் தூசி படிகிறது. துளைப்பான் ஓட்டும் பக்கிரி உள்தொடர்பில் சொன்னார்: "டாக்டரம்மா, மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள மாவு மில்லு ஓடுது."
எல்லோரையும் பூமிக்கு அனுப்பக் கேட்டேன். சுரங்க நிர்வாகத்தின் பதில்: "மருத்துவ இதழில் அச்சான ஆய்வு இருந்தால் மட்டுமே மீட்புக் கலம் அனுப்பப்படும்." சரி, எழுதித் தொலைக்கிறேன். எம்.டி. தேர்வு எழுத எனக்கும் அச்சான கட்டுரை ஒன்று வேண்டும்.

மார்ச் 9, 18:40
கட்டுரையை என் வழிகாட்டி டாக்டர் ரங்கமணிக்கு அனுப்பினேன். பூமியிலிருந்து அவர் குரல்: "நல்லா வந்திருக்கும்மா. என் பேரை முதல்ல போட்டுட்டேன், வழக்கம்தானே. நம்ம நிதினையும் சேர்த்துட்டேன். செகண்ட் இயர் படிக்கிறான், பின்னாடி உதவும்."
நிதின் அவருடைய மகன். மொட்டைமாடியில் நின்று நிலவைப் பார்த்திருப்பான். போகட்டும், கட்டுரை வந்தால் போதும்.

ஏப்ரல் 21, 06:55
இதழின் மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார்: "பதினோரு நோயாளிகள் போதாது. குறைந்தது பன்னிரண்டு தேவை. அட்டவணையில் ஒவ்வொருவரின் நிலையும் குறிக்கப்பட வேண்டும்."
இங்கே இருப்பதே பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் நான்.
சில நாளாக எனக்கும் இருமல். பயந்துகொண்டே எக்ஸ்ரே எடுத்தேன். அதே புள்ளிகள். உட்கார்ந்து அழுதேன். பிறகு என்னையும் நோயாளியாகச் சேர்த்து அனுப்பினேன். மற்றவர்களுக்கு நேராக 'சிகிச்சையில்' என்று எழுதினேன். எனக்கு எழுதக் கை வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மே 6, 11:20
கட்டுரை அச்சாகிவிட்டது. சாரின் குரல்: "வாழ்த்துகள்ம்மா. நோயாளியே ஆசிரியரா இருக்கக் கூடாதுன்னுட்டாங்க, உன் பேரை எடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டம் வேற ஒண்ணு காலியா இருந்துச்சு. ஒரு டெத் இருந்தா கட்டுரைக்குக் கனம் வரும்னு 'மரணம்'னு போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத, எல்லாரும் பண்றதுதானே."
எடுக்காத ரத்த அழுத்தத்தையும் பார்க்காத நாடியையும் நோயாளிக் குறிப்பில் எழுதி எழுதிப் பழகிய கை அவருடையது. வாய்விட்டுத் திட்ட நினைத்தேன். இருமல் விடவில்லை.

மே 14, 09:05
மீட்புக் கலம் பூமியிலிருந்து கிளம்பிவிட்டது. நிர்வாகம்: "வெளியான அட்டவணைப்படி உயிருடன் இருப்பவர்கள் பதினொருவர். அவர்களுக்கான இருக்கைகளும் ஆக்சிஜனும் மட்டுமே ஏற்றப்பட்டுள்ளன."
நான் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "இதழ் திருத்தம் வெளியிட்டால் இன்னொரு கலம் பற்றிப் பரிசீலிக்கலாம்."
சாரை அழைத்தேன். அவர் வெளிநாட்டு மாநாட்டில் இருக்கிறாராம், நம் கட்டுரையைத்தான் வாசிக்கிறாராம். நானே இதழுக்கு எழுதிவிட்டேன்.

மே 19, 15:50
பதினோரு பேரும் ஏறிவிட்டார்கள். பக்கிரி மட்டும் கலத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்: "நீங்க வாங்க டாக்டரம்மா, நான் இறங்கிக்கிறேன்." அவர் நுரையீரல் இங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது. கதவைப் பூட்டச் சொல்லிவிட்டேன்.

மே 19, 16:30
கலம் போய்விட்டது. என் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. ரொம்ப அசதி.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அட்டவணை இரண்டு, கடைசி வரிசை. அது நான்தான். அந்தக் கட்டத்தில் இருப்பது இன்னும் உண்மையாகவில்லை.
இதழிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்:
"தங்கள் கடிதத்துக்கு நன்றி. திருத்தம் கோரும் உரிமை கட்டுரையின் ஆசிரியர்களுக்கு மட்டுமே உண்டு."